வார் ஓட்டையில் விழுந்த சூரியன்

“...காலுக்குள்ள கெடந்த எலும்பையே காட்டிக் குடுத்த பிலிம், சூரியனைக் காட்டாதாக்கும்?” என்றபடி என்னோடு வேலை பார்க்கும் அக்கா எக்ஸ்ரே பிலிமைக் கண்ணுக்கு நேரே தூக்கினார்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை. தாராவியில் எங்கள் தோல் பட்டறை வாசலில் நின்றிருந்தோம். சூரியனை நிலா கடிக்கத் தொடங்கியிருந்தது. கிரகணம் விடும்வரை பக்கத்துப் பட்டறையில் டீகூடப் போட மாட்டார்கள். பிலிம் அக்காவின் கணவருடையது. கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த அவர், வாசலிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் குடும்பம் ஓடியது அக்காவின் ஊசியில்தான். கைக்கடிகார வாருக்கு ஓரம் தைக்கிற கண் அது. அதனால்தான் யோசிக்காமல் பிலிமைப் பிடுங்கிவிட்டேன்.

“என்னப்பா, கண்ணு கூசவே இல்லியே!”

“அதாங்க்கா வம்பே. வெளிச்சத்தக் கொறைச்சிரும், கண்ணுக்குத் தெரியாத சூட்ட உள்ள விட்டுரும். உள்ள வெந்தாலும் வலிக்காது. நாளைக்கு ஊசியில நூல் கோக்கும்போதுதான் தெரியும். இதுக்குன்னே செஞ்ச கண்ணாடி இருக்கு. அது நம்ம கையில இல்ல.”

நான் பள்ளிக்கூடம் போனது எட்டு வரைக்கும்தான். மிச்சத்தையெல்லாம் கல்யாண் ரயிலில் பக்கத்து ஆள் விரித்த பேப்பரிலும் போனிலும் பொறுக்கிக்கொண்டேன். பொறுக்கியதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அக்காவோ கேள்வியால் ஆளை மடக்குகிறவர். அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோல் வெட்டுவேன்.

“எம்மாம் பெரிய சூரியன இத்தனூண்டு நிலா எப்பிடி மறைக்கும்?”

ஒரு கண்ணை மூடச் சொல்லி, தோலில் அடிக்கிற ரிவெட் ஒன்றை அவருடைய மறு கண்ணருகே பிடித்தேன். எதிரே இருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி காணாமல் போனது. “நிலா கிட்ட இருக்கு, சூரியன் ரொம்பத் தொலைவு. நடுவுல வந்து நிக்குது, அவ்வளவுதான்.”

“அப்ப அமாவாசைக்கு அமாவாசை மறைக்கணுமே?”

பார்த்தீர்களா, இதுதான் அக்கா! “நிலாவோட பாதை கொஞ்சம் சாஞ்சிருக்குக்கா. முக்கால்வாசி மாசம் நிலா மேலயோ கீழயோ நழுவிப் போயிரும்.”

“ஏட்டி, கடியாரத்துக்கு வார் தைக்கச் சொன்னா, சூரியனுக்கே தைக்க நிக்கியே” என்றார் கணவர்.

ஓட்டை குத்திய வார் ஒன்றை அக்காவிடம் கொடுத்து, “இதுல பாக்கலாம்” என்றேன். சொன்னதுதான் தாமதம், அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு அண்ணாந்தார்!

“அரே, வேண்டாங்க்கா!” என்று கத்தி, தோளைப் பிடித்துத் திருப்பினேன். “சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. அந்த வாரை வெயில்ல பிடிங்க. ஓட்டை வழியாப் பாக்கக் கூடாது, அட்டையில விழுறதத்தான் பாக்கணும்.”

வெள்ளை அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரை இரண்டடி பின்னால் நகர்த்தினேன். வாரின் நிழலுக்குள் வரிசையாக ஏழு வெளிச்சங்கள். ஏழும் கடித்த பிஸ்கட்டைப் போல வளைந்திருந்தன.

அக்காவின் முகம் சுருங்கியது. வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் குத்துனது வட்டம்லா? ஏன் கோணலா விழுது? பஞ்ச் மழுங்கிட்டோ?” உள்ளே ஓடிப்போய்ப் பஞ்சின் வாயை விரலால் தடவியும் பார்த்துவிட்டு வந்தார்.

“பஞ்ச் ஏக்தம் சரியா இருக்குக்கா. விழுறது ஓட்டையோட உருவம் இல்ல. சூரியனே விழுது.”

“ஏழு சூரியனா!” மறுபடி வாரைப் பிடித்தார். இப்போது அவர் சிரித்த சிரிப்பில் சந்தே திரும்பிப் பார்த்தது. அவர் கணவர் மட்டும் திரும்பவில்லை. நெற்றியில் கையை வைத்து, வெறுங்கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலு ஒண்ணு போனது போதும், இனி கண்ணுக்கும் நான்தான் நூல் கோத்துக் குடுக்கணுமாக்கும்?” என்றார் அக்கா. ஸ்டூலை அவரோடு சேர்த்து அப்படியே சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்து, அவர் கையில் வாரைத் திணித்தார்.