இருபத்தோராவது சீற்

பயண ஏஜென்சிக் கவுண்டரில இருக்கிறவள், கால் வைக்காத ஊரைக்கூட நேற்றுத்தான் போயிட்டு வந்த மாதிரிக் கதைக்க வேணும். இல்லாட்டி ஒருத்தரும் ரிக்கெற் எடுக்க மாட்டினம். கவுண்டருக்குப் பின்னால இருந்து சிரிச்சுச் சிரிச்சுத் தாடை நொந்துபோன ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் என்ர கட்சிதான்.

ரொறன்ரோ வோபர்னில ஒரு சேலைக்கடைக்கு மேல எங்கட ஏஜென்சிக் கந்தோர். லண்டனில கலியாணம், சாமத்தியவீடு எண்டு போற எங்கட சனத்துக்கு, போறதோட போறதா ஸ்கொட்லாந்தையும் மூண்டு நாள் சேர்த்து விக்கிறது என்ர வேலை. தங்கிறது மலையடியில ஒரு குட்டிக் கிராமம், ஏனெண்டால் பட்டணத்து ஹொட்டேல் விலையைக் கேட்டால் எங்கட ஆக்கள் எழும்பிப் போயிடுவினம். அங்க விடுதி நடத்திறவ மோராக் எண்ட மனிசி. ஏழு வருசமாக் கிழமைக்கு ரெண்டு தரம் அவவோட போனில கதைக்கிறன். ஆளை நேர பாத்ததில்லை. ஊரையும் பாத்ததில்லை. இதைக் கஸ்ரமருக்கு நான் ஒருநாளும் சொன்னதுமில்லை.

முதலாளி சொல்லி வைச்சிருக்கிறார், "இருபது பேரைச் சேரும், இருபத்தோராவது சீற் சும்மா வரும், அது உமக்கு" எண்டு. ஆறு வருசமாகியும் பதினேழைத் தாண்டேல்லை. இந்த மாரியில மோராக் எடுத்து, தனக்கு முழங்கால் ஏலாது, வாற கோடையோட விடுதியை மூடுறன் எண்டா. "ஏரியைப் பாத்த அறை உனக்கெண்டு கிடக்கு, இனியும் வராட்டி எப்ப?" எண்டும் கேட்டா. அதோட எனக்கு விசர் பிடிச்ச மாதிரி. இந்த வருசம் இருபது பேர் சேராட்டி அவ்வளவுதான்.

இடிஞ்ச கோட்டை

இந்த வருசப் பயணத்துக்குப் பக்கத்து ஊர் அஜக்ஸில இருந்து அந்தோனிப்பிள்ளை அண்ணை வந்தார். மன்னார் ஆள், எழுபது தாண்டிட்டுது. மனிசி திரேசம்மா அக்காவுக்கு இருதயத்தில பைபாஸ் செய்து ஒரு வருசம். லண்டனில பெறாமகளின்ர கலியாணம். நான் லிஸ்ற்றை விரிச்சு வைச்சுக்கொண்டு தொடங்கினன்: ஏரியில படகு, அருவி, ஆதிகாலத்துக் கல்லுவட்டம், செம்மறி மேய்க்கிற நாயின்ர வித்தை, பழைய கோட்டை. அண்ணை கோட்டைப் படத்தில நிண்டிட்டார்.

"உது ஏன் இடிஞ்சது?" எண்டார். சண்டையில அண்ணை, ஐந்நூறு வருசத்துக்கு முன்னம் எண்டன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பவும் பாத்தார். கூரை இல்லை, சுவருக்குள்ள புல்லு முளைச்சுக் கிடக்கு. சண்டையைப் பற்றி ஏனடி வாயைத் திறந்தாய் எண்டு நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தன். அவர் நிமிர்ந்து சொன்னார்: "ஐந்நூறு வருசமாகியும் இன்னும் திருத்தேல்லையோ? அப்ப ஊரில இடிஞ்சு கிடக்கிற வீட்டைப் பற்றி மனிசி இனி என்னோட கத்தக்கூடாது. ரெண்டு சீற் போடும், பிள்ளை."

மழை

"அங்க மழை வருமோ?" எண்டு கேளாத ஆளில்லை. வரும். நான் "இடைக்கிடை" எண்டு சொல்லுவன். போன வருசம் போன பதினேழு பேருக்கும் மூண்டு நாளும் விடாமல் அடிச்சு ஊத்தினது. ஒரு இடமும் பாக்கேல்லை. மோராக்கின்ர முன்னறையில மேசையளைச் சேர்த்துப் போட்டு, கடதாசிக்கட்டை எடுத்து, முன்னூற்றிநாலு ஆட்டம் விளையாடியிருக்கினம். மோராக்கையும் இருத்திக் கடதாசி பழக்கி, மனிசி இப்ப போனில எனக்குத் துரும்பு பற்றி விளக்கம் சொல்லுது.

திரும்பி வந்த கையோட விட்பியில இருந்து ஒரு அங்கிள் படியேறி வந்தார். சரி, காசைத் திருப்பிக் கேக்கத்தான் வாறார் எண்டு நினைச்சன். அருவியாவது பாத்தியளோ அங்கிள் எண்டு மெல்லக் கேட்டன். "என்ன அருவி பிள்ளை, கூரையால விழுந்ததைத்தானே மூண்டு நாளும் பாத்தனாங்கள், அதை விடும், எட்டு ஆட்டம் வெண்டனான்!"

வெள்ளிக்கிழமை

இது அதுக்கும் முந்தின வருசம். யோகம் அக்கா மட்டக்களப்புப் பக்கத்து ஆள், இப்ப எங்கட கந்தோருக்குப் பக்கத்துக் கட்டடத்தில இருக்கிறா. எங்க போனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் சாம்பிராணி போடாமல் இருக்க மாட்டா. மோராக்கின்ர விடுதியிலயும் போட்டா, யன்னலைச் சாத்திப் போட்டு. குளிர் வரக்கூடாதாம்.

எனக்கு இஞ்ச மத்தியானம். சோத்துப் பார்சலைப் பிரிக்கிறன், போன் அடிக்குது. பின்னால அலாரம் கூக்குரல் வைக்குது. "ஷாந்தி, ஒருத்தரும் சாகேல்லை" எண்டுதான் மோராக் தொடங்கினா. அந்த ஊரில தீயணைக்கிறது சம்பளத்துக்கு இருக்கிற ஆக்களில்லை. இறைச்சிக்கடைக்காரன், தபால்காரன், பள்ளிக்கூட வாத்தி எண்டு செய்த வேலையைப் போட்டிட்டு ஓடி வந்திருக்கிறாங்கள். சாரத்தோடயும் நைற்றியோடயும் எங்கட சனம் வாசலில வரிசையா நிக்குது. நான் கால் மணித்தியாலம் மன்னிப்புக் கேட்டன், சோறு ஆறிப்போச்சு. அங்க யோகம் அக்கா முறுக்குத் தகரத்தைத் திறந்து வந்தவங்களுக்கு நீட்டியிருக்கிறா, அவங்களும் நிண்டு திண்டிட்டுப் போயிருக்கிறாங்கள். திரும்பி வந்த அண்டைக்கு என்ன அக்கா இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டன். வெக்கமே இல்லாமல் சொன்னா: "புள்ள, பாக்க வேண்டிய இடமெண்டு ஒரு லிஸ்ற் வச்சிருக்கீங்களே, அதுல அந்தப் பொடியன்மாரையும் போடுங்க."

கடைசி ஆள்

இந்த வருசத்துக்கு வருவம். பன்னிரண்டு, பதினைஞ்சு, பதினெட்டு எண்டு இழுத்துக்கொண்டு வந்து பத்தொன்பதில நிண்டுபோச்சு. பேர் குடுக்கிற கடைசி நாள். தெரிஞ்ச நம்பர் எல்லாத்துக்கும் அடிச்சன். பல்லுக் கட்டின டொக்ரரைக்கூட விடேல்லை. முதலாளி மணிக்கூட்டைப் பாக்கிறார், நான் அவரைப் பாக்கிறன். பின்னேரம் அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னம் படியில செருப்புச் சத்தம். யோகம் அக்கா. இன்னொருக்காப் போப்போறாவாம்.

நான் கவுண்டரைச் சுத்திக்கொண்டு ஓடிப்போய் அவவைக் கட்டிப்பிடிச்சிட்டன். முதலாளி சொன்ன சொல்லுத் தவறாமல் லிஸ்ற்றின்ர அடியில தன்ர கையாலயே என்ர பேரை எழுதினார். எனக்குக் கண்ணால தண்ணி ஓடுது. யோகம் அக்கா மிரண்டுபோய்க் கேட்டா: "ஏன் புள்ள அழுறீங்க? போறது நான்தானே?"

விட்டுக்குடுப்பு

போறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் அந்தோனிப்பிள்ளை அண்ணை பயணப் பேப்பர் எடுக்க வந்தார். லிஸ்ற்றில என்ர பேரைப் பாத்தவர், முகம் செத்துப்போச்சு. திரேசம்மா அக்காவின்ர டொக்ரர் கடிதம், குளிசை லிஸ்ற், இன்சூரன்ஸ் எல்லாம் என்ர பைலிலதான் இருக்கு. அங்க ஏதும் நடந்தால் ரொறன்ரோவில போனுக்கு வாறது ஆர்? முதலாளி போன் எடுக்காத மனிசன் எண்டது வோபர்ன் முழுக்கத் தெரியும். "நீர் இஞ்ச இருக்கிறீர் எண்டுதான் மனிசி ஓம் எண்டவ. இல்லாட்டி எங்கட ரெண்டையும் வெட்டிவிடும்" எண்டார் அண்ணை.

ரெண்டை வெட்டினால் பதினெட்டு. பதினெட்டுக்குச் சும்மா சீற் இல்லை. எப்பிடிப் பாத்தாலும் நான் போகேலாது. முதலாளி கூரையைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அண்ணை, நான் அந்த ஊரை ஒருக்காலும் பாத்ததில்லை எண்ட சொல்லு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏழு வருசமாப் போட்ட நாடகத்தை எந்த முகத்தோட கலைக்கிறது? விழுங்கிப் போட்டன். எரிச்சல் எண்டால் எரிச்சல், அவரில இல்லை, என்னில. அவர் பாவம், ஆறுதலுக்கு என்ர கையைத் தட்டிச் சொன்னார்: "நீர் எத்தினையோ தரம் பாத்த ஊர்தானே, பிள்ளை, இந்தமுறை எங்களுக்காண்டி விட்டுக்குடும்."

மலைப்பாதை

எல்லாரும் போயிட்டினம். ஏரியைப் பாத்த அறையைத் திரேசம்மா அக்காவுக்குக் குடு எண்டு நான்தான் மோராக்குக்குச் சொன்னன். ரெண்டாம் நாள் கந்தோரைத் திறந்து சப்பாத்தும் கழட்டேல்லை, அந்தோனிப்பிள்ளை அண்ணை போனில. திரேசம்மா அக்காவின்ர பைலை இழுத்தெடுத்தன். ஒண்டுமில்லை, மற்றவை படகில போயிட்டினமாம், இவை ரெண்டுபேரும் மலைக்கு நடக்க வெளிக்கிட்டு வழி தவறிப்போச்சாம்.

"தபால்பெட்டி தெரியுதோ அண்ணை? அதுக்கு இடப்பக்கம் பச்சைக் கேற். உள்ளுக்குப் போனவுடன திருப்பிக் கொழுவுங்கோ, இல்லாட்டி ஆடெல்லாம் றோட்டுக்கு வந்திடும். சின்ன வாய்க்காலொண்டு வரும், கல்லில கால் வைக்காதேங்கோ, பாசி. அக்காவை ஏத்தம் குறைஞ்ச பக்கத்தால கூட்டிக்கொண்டு மெல்ல ஏறுங்கோ, மேல களைப்பாற ஒரு வாங்கு இருக்கு." எல்லாம் மோராக் ஏழு வருசமாச் சொல்லிச் சொல்லி மண்டைக்குள்ள ஏறினது. அவர் மூச்சு வாங்கிறது கேக்குது. ஆடு கத்துது. ஒரு இடத்தில திரேசம்மா அக்கா சிரிக்கிறா. பிறகு ரெண்டுபேரும் வாங்கில இருந்திட்டினம். ஏரி முழுக்கத் தெரியுதாம். எனக்கு அடக்கேலாமல் போச்சு, தண்ணி என்ன நிறம் அண்ணை எண்டு கேட்டிட்டன். அவர் சிரிச்சார்: "தெரியாத மாதிரிக் கேக்கிறீர்? கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லுற ஆள், எத்தினை தரம் இஞ்ச வந்திருப்பீர்?"

ஏழு வருசமா அந்த ஊரை வாறவை போறவைக்கெல்லாம் வித்தன், எனக்கெண்டு ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் வித்துத் துலைச்சிட்டன் எண்டது அப்பதான் விளங்கினது.