விதையில்லாத திராட்சை

இன்று கூடலூரிலிருந்து கம்பம் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கொத்துத் திராட்சையை நீட்டினார். முன்பின் பார்த்திராத ஆள்.

"சாப்பிடுங்கண்ணே, விதை இல்லாதது. உங்களுக்குக் கடவாய்ப்பல் புடுங்கியிருக்குல்ல."

வாங்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் நீங்கதானண்ணே ஃபேஸ்புக்குல பதிவு போட்டீக. ஒண்ணு விடாமப் படிப்பேன். ஆமா, நீங்க விமர்சனம் எழுதுற சைக்கோ படத்துல எல்லாம் தனியா இருக்கவன்தான் கொலைகாரனா வாரான், ஏண்ணே? நானும் தனியாத்தான் இருக்கேன்."

ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, ஐம்பது வயசுத் தொப்பையோடு வெயிலில் ஓடிவந்து கதவைப் பூட்டினேன்.

அந்தப் பல் பதிவுக்கு லைக் போட்டவர்களில் தேடி அவர் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். நண்பர் பட்டியலில் நான் ஒருத்தன்தான். மூணு மணி நேரமாக அவர் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்பச் சொல்லுங்கப்பா, இதுல சைக்கோ யாரு?