சாயம் போகாத லுங்கி

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு நாள் விடிந்தபோது என் உதடு, கன்னம், விரல்கள் எல்லாம் நீலமாகியிருந்தன.

முந்தைய நாள் எனக்குக் காய்ச்சல். குளிரில் நடுங்கிய என்மேல், தறியிலிருந்து அன்றுதான் அறுத்த கருநீல லுங்கியை அப்பா போர்த்திவிட்டிருந்தார். குடியாத்தத்தில் எங்கள் வீட்டிலேயே இரண்டு பவர்லூம் ஓடின. நெய்ததை ஆம்பூருக்குக் கொண்டுபோய் ஷூ கம்பெனி வாசலில் விற்பார். "ஊறப்போட்டுப் பாரு தோஸ்த், ஒரு சொட்டு சாயம் போனா லுங்கிய சும்மா எட்துக்கோ!" என்று அவர் சத்தியம் செய்வதை நானே கேட்டிருக்கிறேன்.

என்னைப் பார்த்து அம்மா அலறினாள். பக்கத்து வீட்டு மாமா, "பாம்பு கீம்பு கடிச்சிருக்குமோ?" என்றார். சித்தி, இதயத்தில் ஓட்டை என்றே முடிவு கட்டிவிட்டாள். சாயத்தோடு புழங்கும் அத்தனை பேரில் ஒருவருக்கும் சாயம் என்று தோன்றவில்லை. அப்பாவின் சத்தியத்தை அவ்வளவு நம்பியிருந்தோம்.

அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்; அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்தாள். மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா என்று கேட்ட டாக்டரம்மா, நாக்கை நீட்டச் சொன்னார்.

"நாக்கு நல்லாதான இருக்கு. உள்ள கோளாறுன்னா இதுவும் நீலமாயிருக்கும்" என்றபடி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் என் விரலைத் துடைத்தார். பஞ்சு நீலமானது. விரல் பழைய விரலானது.

"புதுத்துணி ஏதாவது போத்துனீங்களா?"

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்: "ஊரெல்லாம் சத்தியம் பண்றீங்களே, இப்ப இன்னா சொல்றீங்க?"

நர்சுகள் சிரித்தார்கள். அப்பாவோ, "இன்னொரு விரலையும் தொடச்சிக் காட்டுங்கம்மா" என்றார். துடைத்தார். "அந்தக் கையையும்மா." பத்து விரலும் முடியும்வரை அவர் விடவில்லை. மானம் போகிற நேரத்தில் இதென்ன பிடிவாதம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

போன வாரம் என் மகனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. அவனை இழுத்துக்கொண்டு ஓடினேன். பரிசோதனையில் ரத்தம் இல்லை. முந்தைய நாள் நான் செய்த பீட்ரூட் பொரியல்தான். டாக்டர் சிரித்துக்கொண்டே அனுப்பினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "இன்னொரு தடவ அந்த ரிப்போர்ட்டப் பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன்.

"போலாம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மகன் எரிச்சலோடு என் கையை இழுத்தான்.