பெரிய எழுத்தில் சித்தப்பா

எங்கள் வீட்டில் புத்தகங்களுக்கு மார்க் போடுகிற வேலை ஒருகாலத்தில் மாமாவிடம் இருந்தது. எல்லாப் புத்தகங்களுக்கும் அல்ல, கல்வெட்டுகளுக்கு மட்டும். கல்வெட்டு என்றதும் கோயில் மதிலைத் தேட வேண்டாம். யாழ்ப்பாணத்தார் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் சிறு புத்தகத்துக்கு அதுதான் பெயர். முகப்பில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பின்னால் தேவாரங்கள். ஊரில் எதை எதையோ விட்டுவிட்டு வந்த சனம் இதை மட்டும் லண்டன் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கையின் கணவர், பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் எழும்பவில்லை. மீசையில் ஒரு நரைகூடக் காணாத வயது. சித்தி லண்டன் ஹரோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்.

அவருடைய கல்வெட்டு எப்படி அமையவேண்டும் என்று பார்க்க, அலுமாரியில் சேர்ந்துகிடந்த பழையவற்றையெல்லாம் அம்மா முன்னறைக் கம்பளத்தில் பரப்பினார். அப்போது ஏழு வயதான நான் நடுவில் படுத்துக்கிடந்தேன். தலைப்பாகைக்காரர், மூக்குத்திக்காரி, கழுத்துப்பட்டி இறுகிப்போனவர் என்று எல்லாரும் வெயிலில் என்னைச் சுற்றி மிதந்தார்கள். பின்வளவுக்கு அப்பால் ரயில் போகும்போது வீடு மெல்ல அதிரும். அவர்கள் எனக்குத் தலையாட்டுவதுபோல் இருக்கும்.

மாமா ஒவ்வொன்றாகத் தூக்கினார், முகர்ந்தார், முதுகைத் தடவினார்.

"இது கலியாணக் காட். செத்த வீட்டுக்கு இவ்வளவு பொன்னிறம் ஆகாது."

அடுத்தது. "வரிக்கு வரி இடைவெளி இல்லை. வாசிக்கிறவனுக்கும் மூச்சு நிண்டிடும்."

ஊதாக் கரையும் குத்துவிளக்கும் போட்ட ஒன்றுக்கு மட்டும், "ம்ம், இது புத்தகம்" என்றார். தொண்ணூறு வயது வாழ்ந்த ஒரு தலைமையாசிரியருடையது அது. நல்ல தடிப்பு. சித்தி அதை வாங்கி நிலத்தில் நிமிர்த்தி வைத்தார். நின்றது.

"இவருக்கும் இப்பிடித்தான் வேணும், அண்ணை. நிறுத்தினா நிக்கவேணும்."

வால்தம்ஸ்டோவில் ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக் கொடுப்பார். அடுத்த சனிக்கிழமை மாமா அங்கிருந்து தாள்களோடு வந்தார். சித்தப்பா பிறந்தார், படித்தார், விமானம் ஏறினார், சித்தியைக் கட்டினார். அவ்வளவுதான், பக்கம் புரளுமுன் தேவாரம் வந்துவிட்டது.

"பக்கம் குறைவு, இதுக்கு முதுகு வராதாம். நடுவிலை ரெண்டு கம்பி குத்தினாக் காணுமாம்" என்றார் மாமா. பழமொழி வாயில் வந்தால் விழுங்கத் தெரியாத மனிதர். "சட்டியிலை இருந்தாத்தானே, பிள்ளை, அகப்பையிலை வரும்."

எனக்கும் பழமொழி என்றால் உயிர்தான். ஆனால் ஆளில்லாத இடம் பார்த்துச் சொல்லவேண்டியவையும் உண்டு.

"அண்ணை, நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றார் அம்மா.

சித்தி தாளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "எழுத்தைப் பெருப்பிக்கச் சொல்லுங்கோ."

"பாலர் வகுப்புப் புத்தகம் மாதிரி வரும்."

"வரட்டும். வரிக்கு வரி இடம் விடட்டும். ஓரமும் அகலமா."

"சனம் சிரிக்கும், பிள்ளை."

"சிரிக்கட்டும். நிறுத்தினா நிக்கவேணும் எண்டு சொன்னனானெல்லே."

அப்படியே வந்தது. ஊதாக் கரை, குத்துவிளக்கு, பக்கத்துக்கு நாலைந்து வரி, சுற்றிலும் வெள்ளை. முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் ஒருவர் புருவத்தை உயர்த்தியபோது, மாமா முந்திக்கொண்டார். "கண் தெரியாத ஆக்களுக்கு வசதியெண்டு நான்தான் பெருப்பிக்கச் சொன்னனான்."

எனக்கோ அது பெரிய அதிசயம். தமிழ் வகுப்புப் புத்தகத்தில் எறும்பாக ஊர்ந்த எழுத்துகள் இதில் தோட்டம் வைத்த வீடுகள்போல் தள்ளித் தள்ளி நின்றன. அன்று பின்னேரம், வீட்டுப் படிக்கட்டில் சித்திக்குப் பக்கத்தில் இருந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்து வாசித்து முடித்தேன். முழுதாக நான் வாசித்த முதல் தமிழ்ப் புத்தகம் அதுதான்.

"சித்தி, இதை எனக்காகத்தானே பெரிசா அடிச்சனீங்கள்?"

அவர் பக்கத்தின் வெற்று ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, "ஓம் குஞ்சு, உனக்குத்தான்" என்றார்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஓடிப்போய் அலுமாரியில் தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் சித்தப்பாவை நிறுத்தினேன். விழாமல் நின்றார். பின்னால் வந்த சித்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் எங்கோ ஒரு எழுத்தைப் பிழையாக வாசித்துவிட்டேனாக்கும் என்று நினைத்து, புத்தகத்தை எடுத்து மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.