சவுரியம்மாளுக்கு ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்

சவுரியம்மாள் யாரையும் நம்பமாட்டாள். கம்பெனி பஸ் டிரைவர் "ஏறும்மா" என்றால்கூட முன்னால் போய் போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறுவாள். பத்தொன்பது வருஷமாக அதே பஸ், அதே போர்டு. நான் ஆசையாகக் கொடுக்கும் கத்திரிக்காய்ப் பொரியலை முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அப்படி ஒருத்தி எங்கள் லைனுக்கு வேண்டியிருந்தது. ஆம்பூரில் ஷூவின் மேல்பகுதியைத் தைத்து அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. லைனில் நாற்பத்திரண்டு பெண்கள். கடைசியில் செக்கிங் டேபிள், அதில் சவுரியம்மாள். ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவுவாள். கண்ணால் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். தையல் விட்டுப்போன இடத்தில் விரல் நின்றுவிடும். "முத்துமாரி, இது உன் கைதான? பிரி" என்று என் மேஜையில் எறிவாள். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

டேபிளுக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் அவள் பேஸ்டிங்கில் இருந்தாள். தோலை மடித்து ஒட்டுகிற இடம். அந்த சொல்யூஷன் பசையின் வாடை அவள் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. மூச்சு இழுப்புக்கு வைத்திருக்கும் பம்பைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆபீசில் சொல்லிவிடேன் என்று நான் சொன்னால், "சொன்னா இன்னா பண்ணுவானுங்க? சீக்குக்காரின்னு வீட்டுக்கு அனுப்பிடுவானுங்க" என்பாள். புருஷன் போன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

போன ஆடி மாதம் சென்னையிலிருந்து நித்யஸ்ரீ மேடம் வந்தார். ஹெச்.ஆர். சின்ன வயசு, நல்ல மனசு, கையில் லேப்டாப். கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, மனிதன் ஏன் ஓடுகிறான், ஏன் உழைக்கிறான் என்பதெல்லாம் மூளையில் சுரக்கும் நாலு கெமிக்கலைப் பொறுத்தது என்றார். புதுசு புதுசாகத் தேடுகிறவர்களுக்கு டோபமைன், மஞ்சள். ஒழுங்கு விரும்பிகளுக்கு செரோட்டோனின், நீலம். எதிர்த்து நிற்கிறவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன், சிவப்பு. எல்லோரோடும் ஒட்டிப்போகிறவர்களுக்கு ஆக்சிடோசின், பச்சை. நாற்பது கேள்விக்கு டிக் அடித்தால் யார் எந்த வகை என்று தெரிந்துவிடுமாம். அவரவர் கார்டில் அந்தக் கலரில் ஸ்டிக்கர் ஒட்டி, பொருத்தமான வேலைக்கு மாற்றுவார்களாம்.

சவுரியம்மாள் எழுந்தாள். "ரத்தம் எடுக்காம மண்டைல இன்னா ஓடுதுன்னு எப்டி மேடம் சொல்லுவீங்க?"

மேடம் சிரித்தார். "பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சிடும்மா."

"எங்க வூட்டுக்காரரு ராணிப்பேட்டை டேனரில தோலு பதம் பண்ற ட்ரம் ஓட்டுனவரு. ஒரே ட்ரம்மு, ஒரே கெமிக்கலு, அதுலருந்தே ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு தினுசா வருதும்பாரு. நீங்க நாலே நாலு கலர்ல முடிச்சிட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தோம். மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

காகிதம் கைக்கு வந்ததும் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குக் காகிதம் என்றாலே ஆடிட்தான். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பும்போதெல்லாம், குடிதண்ணீர் நன்றாக இருக்கிறதா, 'இருக்கிறது'; மிரட்டி வேலை வாங்குகிறார்களா, 'இல்லை' என்று முன்கூட்டியே ஒப்பிக்கவைப்பார்கள். ஒருத்தி மாற்றிச் சொன்னாலும் ஆர்டர் போய்விடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில், இதற்கும் சரியான பதில் என்று ஒன்று இருக்கும் என நம்பிவிட்டோம். பி.எஸ்ஸி. படித்த அஃப்ஷாவின் காகிதத்தை நாற்பது பேர் எட்டிப் பார்த்தோம். "பதினேழாவது ஆமான்னு போடுங்கக்கா, அதான் சேஃப்" என்று அவள் கிசுகிசுத்தாள். 'உடன் வேலை செய்பவர்களை நம்புகிறீர்களா?' என்பதுதான் பதினேழாவது கேள்வி.

சவுரியம்மாள் மட்டும் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். அஃப்ஷாவையும் நம்பவில்லை! பதினேழுக்கு 'இல்லை'. தினமும் காலையில் உங்களை எழுப்பி வேலைக்கு வரவைப்பது எது என்ற கேள்விக்கு 'ஆறு பத்து பஸ்' என்று எழுதினாளாம். அதற்குக் கட்டமே இல்லை, இவளாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறாள்.

நாற்பத்தொரு பச்சை வந்தது, ஒரே ஒரு சிவப்பு. நாற்பத்தொரு பேருக்கு ஒரே மண்டை இருக்குமா என்று மேடத்துக்குச் சந்தேகமே வரவில்லை. நல்ல டீம் என்று எங்களுக்குக் கேக் வெட்டினார். மறுநாள் சவுரியம்மாளைப் பேஸ்டிங்குக்கு மாற்றினார்கள். செக்கிங் டேபிளுக்கு அனுசரித்துப்போகிற ஆள் வேண்டுமாம். அங்கே யாரை உட்காரவைத்தார்கள் தெரியுமா? என்னை. பார்த்து எழுதிய எனக்கு நாற்காலி, உண்மை எழுதியவளுக்கு சொல்யூஷன் டப்பா. வெட்கமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பாத்ரூம் பக்கம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பம்பை அடித்தும் மூச்சு விசில் மாதிரி கேட்டது. நேராக மேடத்திடம் போனேன். காப்பியடித்ததைச் சொன்னால் நாற்பத்தொரு பேரும் மாட்டுவோம். பம்பைச் சொன்னால் அவள் போய்விடுவாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மேடம், அன்னிக்கு சவுரிக்கா கண்ணாடி எடுத்துனு வரல. தப்புத் தப்பா டிக் அடிச்சிட்டாங்க."

"கண்ணாடி இல்லாமலா செக்கிங் பாத்தாங்க?"

"அது விரலால பாக்கறது மேடம். வந்து டேபிள பாருங்க, நான் பாஸ் பண்றது எவ்ளோ திரும்பி வருதுன்னு."

மேடம் புதுக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அதை சவுரியம்மாள் முன்னால் வைத்தேன். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"நாற்காலி உனுக்குக் கெடச்சிடுச்சி. எதுக்குடி இவ்ளோ பேஜார் உனுக்கு? இதுல இன்னா லாபம்?"

அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "லாபமா? உன் மூஞ்சி! பன்னெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு. நீ அங்கயே விழுந்து செத்துடுவியோன்னு பயமா கீது, தெரியுமா? ஆளு மேல ஆசை வெச்சா அதையும் மோந்து பாப்பியா நீ?"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. சவுரியம்மாள் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள், உள்ளே பம்போடு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.

"சொல்லு. ஒண்ணாவதுக்கு இன்னா போடணும்?"

நான் சொல்லச் சொல்ல டிக் அடித்தாள். கேள்வியைக்கூடப் படிக்கவில்லை. பதினேழில் மட்டும் பேனா நின்றது. அதைப் படித்தாள்.

"பொய் எழுதச் சொல்றியா?"

"அக்கா..."

"முப்பத்தொம்போதும் நீ சொன்னதத்தான் போடறேன். அப்பறம் இதுக்கு மட்டும் இல்லைன்னு எப்டி எழுதறது?" என்று சொல்லி, 'ஆம்' கட்டத்தில் அழுத்தி டிக் அடித்தாள்.

திங்கட்கிழமை பச்சை ஸ்டிக்கரோடு டேபிளுக்கு வந்தாள். முதல் வேலையாக, நான் பாஸ் பண்ணிப் பேக்கிங்குக்குக் காத்திருந்த பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒவ்வொன்றாக விரலை விட்டுத் தடவினாள். பதினோரு ஜோடி என் பழைய தையல் மேஜைக்கு வந்து விழுந்தது.

"பிரி."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று தலையைக் குனிந்து தையலைப் பிரித்தபடி, காதை மட்டும் அவள் பக்கம் வைத்துக்கொண்டேன். மெஷின்கள் நின்ற டீ நேரத்தில் நன்றாகக் கேட்டது. அவள் மூச்சில் விசில் இல்லை.