நல்ல பிறப்புள்ள கட்டி

மயிலாப்பூர் குளத்தருகே எங்கள் டாக்டரிடம் ஒரு கம்பவுண்டர் இருந்தார். மருதாணிச் சிவப்புத் தாடி, கறுப்புத் தொப்பி. திருவல்லிக்கேணியிலிருந்து சைக்கிளில் வருவார். வேளைக்கு எவ்வளவு மருந்து என்று தெரிய, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் புட்டியில் ஒட்டுவார். ஒட்டி முடிக்கும்வரை யார் எது கேட்டாலும் வாய் திறக்கமாட்டார். அந்த வழக்கத்தை நான் வெறுத்தது ஒரே ஒரு நாள்தான்.

யுத்தகாலம் அது. என் மனைவியின் மார்பில் வந்த கட்டியிலிருந்து ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்துச் சோதித்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் 'பினைன்' (benign) என்று எழுதியிருந்தது. வீட்டு அகராதியில் அதற்குக் 'கருணையுள்ள' என்று பொருள். பி.ஏ. படித்தவன் நான், கட்டிக்கு என்ன கருணை என்று விளங்காமல் ஓடிவந்தேன். டாக்டர் வெளியே போயிருந்தார்.

கம்பவுண்டர் நிதானமாக ஒட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கினார்.

"பயப்படாதீங்க சார். லத்தீன்ல நல்ல பொறப்புன்னு அர்த்தம். அதான் இங்கிலீஷ்ல சாதுன்னு ஆச்சு. இது சாதுக் கட்டி. இருக்கிற எடத்துல இருக்கும், ஒடம்பைத் தின்னாது. ஒண்ணும் ஆவாது."

பெஞ்சில் உட்கார்ந்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"லத்தீனெல்லாம் எப்படித் தெரியும் பாய்?"

"என் சம்சாரத்துக்கு வேற வார்த்தை எழுதியிருந்தாங்க. அப்போ பெரிய டிக்‌ஷனரியில ரெண்டையும் பார்த்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த புட்டிக்குக் காகிதம் வெட்டத் தொடங்கினார். ஒட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன். முடித்தபின் அவர் சம்சாரத்தைப் பற்றிக் கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.