ரிஃபாய் நிறம் வாங்கிய தெரு

அறந்தாங்கிக் கடைவீதியில் பெண்களுக்கான ரெடிமேட் கடை நடத்தும் ரிஃபாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. இரண்டுமே புளியம்பழ ஓடு மாதிரி ஒரு மங்கலாகத்தான் தெரியும் என்று அவரே என்னிடம் சொன்னார். சொன்னது 2025 மார்ச்சில், விஷயம் கடைவீதி முழுக்கப் பரவிய பிறகு. அதுவரை அது ஒருவருக்குத்தான் தெரியும்: அவர் மனைவி ரம்லத் பீவிக்கு.

நான் அவருக்கு எதிர்வீடு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பார்த்ததையும் அவர் சொல்லிக் கேட்டதையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

திருமணம் 1994இல். முதல் பெருநாளுக்கு அவர், தான் அப்போது வேலை பார்த்த மாமாவின் ஜவுளிக்கடையிலிருந்து ஒரு சேலை எடுத்துவந்து, “அரக்குச் சிவப்பு, ஒனக்கு எடுப்பா இருக்கும்” என்று கொடுத்தார். ரம்லத் பீவி அதைப் பிரித்துப் பார்த்தார். கரும்பச்சைச் சேலை. அவர் சிரிக்கவில்லை, அதைக் கட்டிக்கொண்டு வந்து, “இது என்ன கலருங்க?” என்று மட்டும் கேட்டார். அவர் மறுபடியும் சிவப்பு என்றார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுவாரத்திலிருந்து ரம்லத் பீவி மதியச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தானே கடைக்கு வரத் தொடங்கினார். துணிகளை அவர் அடுக்கும் வரிசைதான் ரிஃபாய்க்கு நிறம். மேல் தட்டு சிவப்பு, நடுத் தட்டு பச்சை. யார் கேட்டாலும் கை தவறாமல் எடுத்துப் போடுவார். துணியின் கனம், விழும் விதம், தையலின் நேர்த்தி ஆகியவற்றை விரலால் தொட்டே சொல்லிவிடக்கூடியவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2003இல் சொந்தக் கடை. 2012 முதல் வருடத்திற்கு இரண்டு முறை திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூர் வழியாகச் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போனார். மற்ற வியாபாரிகள் நேராக மொத்த விற்பனைக் கட்டடங்களுக்குள் நுழைவார்கள். ரிஃபாய் முதல் இரண்டு நாள் கடைக்குள் கால் வைக்கமாட்டார். பெய்ஜிங் சாலை என்கிற கடைத்தெருவின் அருகில், மெட்ரோ ரயில் நிலையத்தின் படிகள் மேலே வந்து சேரும் இடத்தில் நின்றுகொள்வார். சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக மேலே வருவார்கள். நம்மூர் சிம்மிலேயே ரோமிங் போட்டு, முதல் சில வருடம் படம் எடுத்து அனுப்பினார்; வாட்ஸ்அப்பில் வீடியோ வந்த பிறகு அதில் ரம்லத் பீவியைக் கூப்பிடுவார். இங்கே அவர் மதியத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்திருக்கும் நேரம். அறந்தாங்கி அடுப்படியில் உட்கார்ந்து அந்தத் தெருவைப் பார்ப்பார்.

கொரோனாவால் சில வருடம் போக முடியவில்லை. பிறகு 2023 டிசம்பரில் போனபோது நடந்த பேச்சை ரிஃபாய் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

“இங்கிட்டுத் திருப்புங்க. அந்தா ஒரு பொம்பள கோட்டை முன்பின்னாப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுது. கூப்புட்டுச் சொல்லுங்க.”

“எல்லாரும் அப்புடித்தான் போறாங்க ரம்லத்து. நெஞ்சுல குளுருகாத்து அடிக்காம இருக்க.”

“சரி, அந்தப் புள்ளையக் காட்டுங்க. பாவாடை மாதிரி என்னமோ கட்டியிருக்கு.”

“பாவாடைதான். முன்னாடி பலகை மாதிரி தட்டையா இருக்கு, ரெண்டு பக்கமும் கொசுவம், இடுப்புல நாடா. அவங்க அந்தக் காலத்து உடுப்பாம். இப்ப மேல ஒரு ஆம்பளச் சட்டை, கால்ல ஷூ போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போறாங்க.”

“கணுக்கால மூடுது. நம்ம புள்ளைகளுக்கு ஒத்துவரும். ஆனா என்னங்க, தெருவே காப்பித்தூள் கலராத் திரியுது? போன தடவை நீங்க காட்டுனப்ப எல்லாம் கிளி மாதிரி இருந்துச்சுகளே.”

“அதுதான் இப்ப இங்க மோஸ்தர்.”

“அவங்களுக்கு இருக்கட்டும். நம்ம ஊரு வெயில்ல அந்தக் கலரைக் கட்டுனா ஆளு நிக்கிறதே தெரியாது.”

மறுநாள் கடையில் விற்பனைக்காரப் பெண் நிறத் துண்டுகள் ஒட்டிய அட்டையைக் கொடுத்தாள். ரிஃபாய் அதைப் படமெடுத்து அனுப்பினார். குரல் பதிவில் பதில் வந்தது: “ஏழும் பன்னெண்டும் எடுங்க. ஏழு எலைப்பச்சை, பன்னெண்டு அரக்கு.” அந்தப் பாவாடைகள் 2024 நோன்புப் பெருநாளுக்கு முன்பே தீர்ந்தன. மீமிசலிலிருந்தும் இலுப்பூரிலிருந்தும் பெண்கள் கேட்டு வந்தார்கள்.

பாத்திரக்கடைத் திருமுருகன் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. “என்ன பாய், சீனாவுக்கே போனாலும் வீட்டு உத்தரவு இல்லாம ஒரு பாவாடை வாங்க மாட்டீங்களாமே?” ரிஃபாய் சிரித்துக்கொண்டே, “ஆமாப்பா, பயம்தான்” என்பார். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று பெயர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஜவுளிக்காரனுக்கு நிறம் தெரியாது என்று வெளியே போனால் அடுத்த நாளே கடையைப் பூட்டவேண்டியதுதான் என்று அவர் நம்பினார்.

2024 ஆகஸ்ட் 14 அன்று, காலைத் தொழுகை முடித்த பாயிலேயே ரம்லத் பீவி சரிந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மவுத்தாகிவிட்டார். அடக்கத்துக்கான கஃபன் துணி எடுக்க ஜமாஅத்தில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். ரிஃபாய் கேட்கவில்லை, தானே ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்து எடுத்து வந்தார். அந்த முதல் சேலைக்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்காமல் வாங்கிய துணி அது ஒன்றுதான். உடன் போனவன் நான்.

அந்த டிசம்பரில் அவர் மறுபடி புறப்பட்டார். துபாயிலிருந்து திரும்பிவந்து கடையில் பில் போடும் மகன் யாக்கூப், “நான் வாரேன் அத்தா” என்றான். வேண்டாம் என்றார். மகனிடம் சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் ஒருத்தி பொத்திக் காத்ததை அவள் போன நாலாம் மாதமே நான் அவிழ்ப்பதா என்று தோன்றியது என்றார் என்னிடம்.

அதே படிகளின் மேல் இரண்டு சாயங்காலம் நின்றார். பாவாடை இன்னும் இருந்தது. நீளம் சற்றுக் குறைந்திருந்தது, கொசுவம் நெருங்கியிருந்தது. மேலே இப்போது குட்டையான கம்பளிச் சட்டை. அவற்றையெல்லாம் அவர் சரியாகவே பார்த்தார். நிறத்துக்கு மட்டும் தன்னிடம் விடை இருப்பதாக நினைத்தார். அதே கடைக்குப் போய், போனில் இருந்த மனைவியின் குரலை இன்னொரு முறை கேட்டுவிட்டு, அதே மாதிரி அட்டையில் ஏழையும் பன்னிரண்டையும் தொட்டுக் காட்டினார். உற்றுப் பார்த்தார். போன வருடம் எப்படித் தெரிந்தனவோ அப்படியே தெரிந்தன.

பருவத்துக்குப் பருவம் அட்டை மாறும் என்பதும், எண்கள் அப்படியே இருக்க நிறங்கள் மாறிவிடும் என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதுவரை தேவை வரவில்லை.

சரக்கு 2025 பிப்ரவரி கடைசியில் வந்தது. நோன்பு தொடங்கும் நேரம். அப்போது நான் கடையில் இருந்தேன். பல வருடமாக அங்கே வேலை பார்க்கும் சுகுணா முதல் கட்டைப் பிரித்தாள். இரண்டாவதையும் பிரித்தாள்.

“என்ன பாய் இது, எல்லாம் சேத்துத்தண்ணியில முக்குன மாதிரி வந்துருக்கு?”

“ஒழுங்காப் பாரு. பச்சையும் அரக்கும்.”

“நல்லாருக்கே வெளையாட்டு” என்று அவள் சிரித்தாள்.

ரிஃபாய் ஒரு பாவாடையை எடுத்துக் கதவோரம் வெளிச்சத்தில் பிடித்தார். “யாக்கூபு, இது பச்சைதானே?”

யாக்கூப் பில் மேசையிலிருந்து எழுந்து வந்தான். பாவாடையைப் பார்த்தான், பிறகு அத்தாவின் முகத்தைப் பார்த்தான். சுகுணா சிரிப்பை நிறுத்திவிட்டாள். துணி எடுக்க வந்திருந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“காப்பிக் கலரு அத்தா” என்றான் மெதுவாக.

“அப்ப இது?”

“அதுவும் அதேதான். கொஞ்சம் இருட்டு.”

அவர் பாவாடையை மடித்தார். கொசுவம் கலையாமல் மடித்து வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுருக்கலாம்ல அத்தா?”

“ஒங்கம்மாகிட்ட கேட்டுத்தான் வாங்குனேன்” என்றார்.

அந்தப் பெருநாளுக்கு அந்தப் பாவாடைகள் போகவில்லை. திருமுருகனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கேலி செய்யாமல் போனார். கடையைப் பூட்டவேண்டி வரவில்லை. ஆனால் நிறம் கேட்கிறவர்கள் ரிஃபாயைத் தாண்டி சுகுணாவிடம் போனார்கள். அவரும் தூக்கிய கையை இறக்கிக்கொள்வார்.

செப்டம்பரில் யாக்கூப் குவாங்சோவுக்குப் போனான். அத்தாவை எவ்வளவோ கூப்பிட்டான். “நீங்க துணியப் பாருங்க, நான் கலரைப் பாக்குறேன்” என்றான். அவர் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம் மெட்ரோ படிகளின் மேல் நின்று வீடியோவில் கூப்பிட்டான். கடையில் நானும் சுகுணாவும் இருந்தோம்.

ரிஃபாய் போனைக் கையில் வாங்கினார். அந்தத் தெருவைப் போன் வழியாக அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஆடியாடி வந்தது படம். யாருடைய தலையோ குறுக்கே போனது. ஒரு பாவாடை தெரிந்து, சரியாகப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் மறைந்தது. வெயில் பட்டுத் திரை பாதி வெளுத்தது. பக்கத்தில் பிடித்தார், தள்ளிப் பிடித்தார்.

“தெரியுதா அத்தா? எது எடுக்க?”

அவர் சுகுணாவிடம் திரும்பினார்.

“இவ்வளவுதான் தெரியுமா இதுல?”

“போனுல இவ்வளவுதான் பாய் தெரியும்.”

“இதுலேர்ந்தா அவ பாத்துச் சொன்னா” என்றார். அது எங்களிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

யாக்கூப் இரண்டு முறை “அத்தா, அத்தா” என்று கூப்பிட்டான். அவர் போனைச் சுகுணாவிடம் கொடுத்துவிட்டு, பள்ளிவாசலில் தொழுகை நேரம் ஆகாதபோதும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.